கடைசிக் கட்டம்

லாகூரில் ஏழாவது மாடியில்
எனக்குக் கொடுத்திருப்பது கடைசிக் கட்டம்.
இரண்டாயிரத்து நாற்பத்தேழு, ஜூன், மாலை எட்டு மணி:
அந்நேரம் நாடு எத்தனை மெகாவாட் கேட்கும்?
மற்ற வருடங்களை மற்றவர்கள் நிரப்பிவிட்டார்கள்.

கோடு மேலே போகட்டும், பீபி,
என்பார் வக்கார் சாகிப்.
மேலே போனால்தான் கையெழுத்து விழும்.
அப்படித்தான் போயிற்று
பத்து வருடம் முன்பு யாரோ வரைந்த கோடு.
அதை நம்பிக் கடலோரம் நிலக்கரி உலைகள் எழுந்தன,
டாலரில் பேச்சு, இருபத்தைந்து வருடம்,
எரித்தாலும் கூலி, எரிக்காமல் நின்றாலும் கூலி.
கல்யாணத்துக்கு வாடகை பேசிய அண்டாக்கள்.
மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை.
அண்டாக்காரன் வாசலில் நிற்கிறான்.

வேடிக்கை என்னவென்றால் இருட்டும் போகவில்லை.
ஒருபுறம் வாங்க ஆளில்லாத மின்சாரம்.
மறுபுறம் ஷேக்குபுராவில் ஆறு மணிநேர வெட்டு.
அந்த லைனில் கொக்கி போட்டுத் திருடுகிறார்களாம்;
பில் கட்டியவனையும் சேர்த்து அணைக்கிறோம்.

விநியோகக் கம்பெனி வாரியத்துக்குத் தரவேண்டும்,
வாரியம் உலைக்காரனுக்கு,
உலைக்காரன் எண்ணெய்க்காரனுக்கு,
எண்ணெய்க்காரன் வங்கிக்கு.
அந்த வங்கியில் அரசாங்கம் வாங்கிய கடனுக்காக
யூனிட்டுக்கு மூன்று ரூபாய் பில்லில் ஏறும்.
ஏறிய பில்லைக் கட்ட முடியாதவன்
விநியோகக் கம்பெனிக்குத் தரவேண்டும்.
அறிக்கையில் இதற்கு அம்புக்குறி போட்டு ஒரு படம்.
வரைந்த பையனுக்குக் காம்பஸ் தேவைப்படவில்லை.
வட்டத்துக்கு வெளியே, படத்தில் இல்லாமல், வட்டி.

பைசலாபாத்திலிருந்து ஒரு கடிதம்.
சனாவுல்லா, பதினாறு விசைத்தறி.
'பன்னிரண்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன்.
இரும்புக்காரன் நியாயமாக எடை போட்டான்.
ஓடாத தறிக்கு நீங்கள்தான் இன்னும் பில் அனுப்புகிறீர்கள்.
யாரைக் கேட்டு எனக்காக இவ்வளவு மின்சாரம் செய்தீர்கள்?'
வக்கார் சாகிப் மேல்மூலையில் எழுதினார்: பார்வைக்கு.
பார்த்தேன்.
நாற்பத்தேழில் அவருக்குப் பதினாறு தறியும் ஓடுகிறது,
என் கட்டத்தில்.

பிறகு கோடு தொய்ய ஆரம்பித்தது.
பகலில் மட்டும்,
கயிற்றுக்கட்டில் நடுவில் தொய்வது போல.
இதை எந்த அறிக்கையும் எழுதவில்லை.
கராச்சித் துறைமுகத்தில் சூரியப் பலகைகள் வந்து இறங்கின.
ஹால் ரோட்டில் உருளைக்கிழங்கு போலக் குவித்து விற்றார்கள்.
கழுதை வண்டியில் ஏறி, மாடிப்படி ஏறி,
செயற்கைக்கோள் படத்தில் ஊர் நீலமாயிற்று.
கூரை உள்ளவன் கூரைக்குப் போய்விட்டான்.
சும்மா நிற்கும் உலைகளுக்கு
அவன் பங்கையும் சேர்த்துக் கட்டுகிறார்கள்
கீழே இருப்பவர்கள்.
அவர்களில் பலருக்குக் கூரையே வாடகை.

ஏப்ரலில் என் வீட்டு பில் நாற்பத்தோராயிரம்.
மே மாதம் அலுவலகச் சீட்டு எனக்கு விழுந்தது.
தைமூர் என்றொரு பையன் வந்தான், ஆறு பலகை.
போல்ட் முறுக்கிக்கொண்டே கேட்டான்:
எங்கே வேலை, பாஜி?
சொன்னேன்.
அவன் சிரித்திருக்கலாம்.
அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பானரை எடுங்கள் என்றான்.

மறுநாள் கடைசிக் கட்டத்திலிருந்து
என் வீட்டைக் கழித்துப் பார்த்தேன்.
மூன்றரைக் கிலோவாட்.
எண் அசையவில்லை.
தசமப் புள்ளிக்கு அந்தப்பக்கம் எங்கேயோ விழுந்திருக்கும்.
சனாவுல்லாவின் பன்னிரண்டு தறியைக் கழித்தேன்.
அப்போதும்.

அப்புறம்தான் உறைத்தது:
என் கட்டம் மாலை எட்டு மணி.
பலகைகள் அப்போது வெறும் கண்ணாடி.
மின்விசிறிக்கும், ஃபிரிட்ஜுக்கும், மகனின் பரீட்சைக்கும்
பழைய கம்பியிடமே போய் நிற்பேன்,
பகலெல்லாம் கண்டுகொள்ளாத உறவுக்காரன் வீட்டில்
சாப்பாட்டு நேரத்துக்குப் போய் நிற்பது போல.
அந்த ஒரு வேளைக்கு
யாரோ உலையைச் சூடாக வைத்திருக்கவேண்டும்.

வக்கார் சாகிப் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.
மேலே போகிறதா?
இருட்டிய பிறகு மட்டும், என்றேன்.

வீட்டைத் திரும்பக் கூட்டிவிட்டேன்.
தறிகளைக் கூட்டவில்லை.